வீட்டிலிருந்து ஒரு பொது மூலநிரல் களஞ்சியம்: புது வண்ணாரப்பேட்டையில் அமைத்து நடத்திய அனுபவம்

வடசென்னையின் புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டின் முதல் மாடியில் இயங்கும் சிறிய கணினி ஒன்றில், தமிழ்ச் சொற்பட்டியல்கள், விசைப்பலகை அமைப்புகள், எழுத்துருக்களின் மூலக்கோப்புகள், வட்டாரத்து மாணவர்கள் எழுதும் சிறு நிரல்கள் ஆகியவற்றைத் தாங்கிய களஞ்சியச் சேவையை, கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளைக் கொண்டு நடத்திவருகிறேன். அதை எவரும் படிக்கலாம், நகலெடுக்கலாம். கணக்கு வைத்திருப்பவர்கள் எழுதலாம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் வகையில், அமைக்கும்போதும் நடத்தும்போதும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பதிவு செய்கிறேன். கிட்டுக்குத் தேவைப்படும் கணினி வலிமை மிகக் குறைவு. உழைப்பெல்லாம் அதன் முன்னால் நிற்கும் இணையப் பக்கங்களுக்கும், வெளியுலகம் நம் வீட்டை வந்தடையும் பாதைக்கும், மின்சாரத்துக்கும், காப்புப்பிரதிக்குமே செல்கிறது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால் வீட்டிலிருந்தே இதைச் சீராக நடத்த முடியும் என்று உறுதியாகச் சொல்வேன்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதத் தொடங்கிய கிட், இயல்பிலேயே பரவலாக இயங்குவது. ஒருவர் எடுக்கும் ஒவ்வொரு நகலிலும் முழு வரலாறும் இருக்கிறது என்பதால், நிரல் மட்டும்தான் நம் கவலை என்றால் சொந்த வழங்கியே தேவையில்லை. ஆனால் ஒரு சொல்லை அகராதியில் ஏன் சேர்த்தோம், ஏன் நீக்கினோம் என்பது பற்றிய விவாதங்கள், பிழை அறிவிப்புகள், திருத்தக் கோரிக்கைகளின் கீழே நடந்த உரையாடல்கள் ஆகியவை கிட்டுக்குள் இல்லை; அவை சேவையை நடத்துபவரின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. 2008இல் தொடங்கிய, கிட் களஞ்சியங்களை ஏற்றிவைக்கும் தளமான கிட்ஹப்பை 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. அங்கே களஞ்சியம் வைத்திருப்பதை நான் குறையாகக் கருதவில்லை; எங்கள் களஞ்சியங்களின் நகல்கள் அத்தகைய இடங்களிலும் இருக்கின்றன. ஆயினும் சொற்பட்டியல் போன்ற ஒரு பணியில் நிரலைவிட விவாதமே பெரிய செல்வம் என்பதால், அதன் மூலப்பிரதி நம் கையில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

கிட் களஞ்சியங்களை இணையப் பக்கங்களாகக் காட்டும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிதாகவே முடிந்தது. கிட்லேப் வசதிகள் மிகுந்தது, ஆனால் அதற்குப் பல ஜிகாபைட் நினைவகம் வேண்டும். கோ நிரல்மொழியில் எழுதப்பட்ட காக்ஸ் என்ற மென்பொருளிலிருந்து 2016இல் கிட்டீ பிரிந்தது. கிட்டீயின் பெயரும் வணிகக்குறியும் 2022 அக்டோபரில் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனதை ஏற்காதவர்கள், அதே ஆண்டு டிசம்பரில் ஃபோர்ஜெயோ என்ற கிளையைத் தொடங்கினார்கள். பெர்லினில் பதிவு செய்யப்பட்ட, லாப நோக்கற்ற கோட்பெர்க் அமைப்பு அதற்குப் பின்னால் நிற்கிறது; 2024இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து அது குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியாகிறது. நான் தேர்ந்தது ஃபோர்ஜெயோவையே. ஒரே ஒரு இயங்குகோப்பு, சில நூறு மெகாபைட் நினைவகம், எஸ்கியூலைட் தரவுத்தளம் என்ற அளவில் அது நிறைவாக இயங்குகிறது. ஓய்வு நேரத்தில் நடத்தப்படும் சேவைக்கு, ஆண்டுக்கு ஒன்றாக வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் பின்தொடர்வதே பொருத்தம்.

கணினிக்கு, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும், அலுவலகங்கள் கழித்துவிடும் கையடக்கப் பெட்டிகளில் ஒன்று போதும். என்னுடையது சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 12 வாட் எடுத்துக்கொள்கிறது. இரண்டு மாதத்துக்கு அது 17 யூனிட்டைச் சற்றே தாண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதாலும், நுகர்வு 500 யூனிட்டைக் கடந்தால் கட்டண அட்டவணையே மாறிவிடுவதாலும், குளிர்சாதனம் ஓடும் கோடை மாதங்களில் அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் வீடுகள் இந்த 17 யூனிட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்கே வைப்பது என்பதைத்தான் நெடுநேரம் யோசிக்க வேண்டியிருந்தது. கடலுக்கு இவ்வளவு அருகில் உப்புக்காற்றும் ஈரமும் நினைவக அட்டையின் தொடுமுனைகளையும் விசிறியின் தாங்கியையும் அரித்துவிடும். எனவே கிழக்குப் பார்த்த சன்னலுக்கு அருகில் வைக்கவே கூடாது. தரையில் வைத்தால் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் ஏறும் அச்சம் இருக்கிறது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் தரைத்தளத்தை நினைக்கவே மாட்டார்கள். பரணில் வைத்தால், மே மாத வெயிலில் கான்கிரீட் கூரையின் வெப்பம் முழுவதும் அங்கேதான் தேங்குகிறது. இறுதியில் உள்ளறைச் சுவரில், தோள் உயரத்துக்குச் சற்று மேலே, காற்று இருபுறமும் செல்லும்படி ஒரு இரும்புத் தாங்கி அடித்து அதில் பொருத்தினேன். மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தொடுமுனைகளைத் துடைத்துவிடுகிறேன்.

வெளியுலகம் வீட்டுக்கு வரும் பாதை

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணையச் சேவையாளர் உங்களையும் இன்னும் பல வாடிக்கையாளர்களையும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார் என்று பொருள். 2012இல் வெளியான இணையத் தரநிலை ஆவணமான ஆர்.எஃப்.சி. 6598 இந்த எண் தொகுப்பை இதற்கென்றே ஒதுக்கியது. இப்படிப்பட்ட இணைப்பில் ரவுட்டரில் எந்தத் துறையை (போர்ட்டை, அதாவது இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாயிலை)த் திறந்தாலும் வெளியிலிருந்து யாராலும் உள்ளே வர முடியாது. இணைய முகவரி முறையின் புதிய வடிவமான ஐபி ஆறாம் பதிப்பு (ஐபிவி6) முகவரி பெரும்பாலான ஃபைபர் இணைப்புகளில் கிடைக்கிறது என்றாலும், பல கல்லூரி, அலுவலக வலையமைப்புகள் இன்னும் நான்காம் பதிப்பில் மட்டும் இருப்பதால், அதை மட்டும் நம்பிப் பொதுச் சேவை நடத்த முடியாது.

கூடுதல் கட்டணத்துக்கு நிலையான முகவரி வாங்குவது ஒரு வழி. நான் வேறு வழியைத் தேர்ந்தேன்: இந்தியாவிலேயே உள்ள தரவு மையம் ஒன்றில் மிகச் சிறிய மெய்நிகர் வழங்கியை வாடகைக்கு எடுத்து, வீட்டுக் கணினியிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற மென்பொருளால் மறையாக்கம் செய்த ஒரு சுரங்கப்பாதை அமைத்திருக்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில், 2020இல் வந்த அதன் 5.6ஆம் பதிப்பிலிருந்தே வயர்கார்டு இடம்பெற்றிருப்பதால் கூடுதலாக நிறுவ வேண்டியது சொற்பம். இணைப்பை வீட்டிலிருந்தே தொடங்குவதால் சேவையாளரின் முகவரிப் பகிர்வு ஒரு தடையாக இருப்பதில்லை. 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு தரவுப் பொதியை அனுப்பச் சொன்னால் பாதை மூடிக்கொள்ளாமல் திறந்தே இருக்கும். ஃபைபர் அறுந்து கைப்பேசி இணைப்புக்கு மாறினாலும், வீட்டின் முகவரி மாறியதை வயர்கார்டு தானே உணர்ந்து அதே பாதையைத் தொடர்கிறது. நிலையான முகவரிக்குப் பணம் கட்டியிருந்தால் அந்த முகவரி அந்த ஒரு கம்பியோடு கட்டுண்டிருக்கும். வாடகை வழங்கியின் முகவரியோ வீட்டுக்கு எந்த வழியாக இணையம் வந்தாலும் பொருந்துகிறது.

வாடகை வழங்கி எதையும் படிக்க முடியாதபடி வைத்திருக்கிறேன். அது பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான 443ஆம் துறைக்கு வரும் இணைப்பைப் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்குத் தள்ளுகிறது. மறையாக்கம் அவிழ்வது வீட்டில் இயங்கும் கேடி என்ற இணைய வழங்கி மென்பொருளில்தான். அந்த மறையாக்கத்துக்கு வேண்டிய லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழையும் கேடி அதே துறையின் வழியாகத் தானே பெற்றுப் புதுப்பித்துக்கொள்கிறது. இப்படிச் செய்யும்போது எல்லா வருகையாளர்களும் வாடகை வழங்கியின் முகவரியிலிருந்து வருவதுபோல் பதிவேட்டில் தெரியும் என்பதால், வாடகை வழங்கியில் இணைப்பைத் தள்ளும் மென்பொருளான ஹெச்ஏப்ராக்சியில் ப்ராக்சி நெறிமுறையை இயக்கி உண்மையான முகவரியை வீடுவரை கொண்டுவர வேண்டும். கேடியும் ஃபோர்ஜெயோவும் அந்த முகவரியை நம்பும்படி அமைப்பில் குறிப்பிட வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் தொல்லை வரும் நாளில் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் எதையும் தடுக்க இயலாது. தொலைவிலிருந்து மறையாக்கத்தோடு கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் முறைக்கான 22ஆம் துறையையும் வீட்டுக்கே திருப்பியிருக்கிறேன். வாடகை வழங்கிக்குள் நுழைய நான் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச், சுரங்கப்பாதைக்கு உள்ளே மட்டும் கேட்கிறது.

இந்த அமைப்பில் வந்த ஒரு கோளாறை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது பலருக்கும் வரும், காரணம் எளிதில் புலப்படாது. பக்கங்கள் திறந்தன, சிறிய மாற்றங்களைப் புஷ் செய்ய (வழங்கிக்கு அனுப்ப) முடிந்தது, ஆனால் எழுத்துருக் கோப்புகள் போன்ற பெரியவற்றை அனுப்பும்போது தொடக்கத்திலேயே நின்றுபோனது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. காரணம் 8 பைட். வயர்கார்டின் இயல்பான பொதி அளவு 1420 பைட். வெளியே ஐபி ஆறாம் பதிப்பில் செல்லும்போது அதன் மேலுறைக்கு இன்னும் 80 பைட் சேர்ந்து சரியாக 1500 ஆகிறது. ஆனால் வீட்டு ஃபைபர் இணைப்பு, புகுபதிகை செய்து இணையும் பிபிபிஓஇ முறையில் வருவதால் 1492 பைட்டுக்கு மேல் கொள்ளாது. முழு அளவுப் பொதி ஒவ்வொன்றும் வழியில் கைவிடப்பட்டது. 'பொதி பெரிது' என்று திரும்பி வர வேண்டிய ஐசிஎம்பி (வலையமைப்பு அறிவிப்பு) செய்தியை வாடகை வழங்கியின் தடுப்புச்சுவர் விழுங்கியது. சிறிய பொதிகள் எல்லாம் தடையின்றிச் சென்றதால் இணைப்பு நலமாக இருப்பதுபோலவே தோன்றியது. நான்காம் பதிப்பில் மேலுறை 60 பைட்தான் என்பதால், அதே சுரங்கப்பாதை அந்த வழியாகப் போனால் இந்தக் கோளாறு தலைகாட்டுவதே இல்லை. இரு முனைகளிலும் பொதி அளவை 1400 என்று குறைத்து, தடுப்புச்சுவரில் அந்த ஐசிஎம்பி வகையை அனுமதித்தவுடன் எல்லாம் சரியானது. துண்டாக்கத் தடையுடன் 1372 பைட் உள்ளடக்கம் கொண்ட பிங் என்ற சோதனைப் பொதியை அனுப்பிப் பார்த்தால், தலைப்புகளின் 28 பைட்டுடன் அது 1400 ஆகி, பாதை உண்மையிலேயே அந்த அளவைத் தாங்குகிறதா என்பது உறுதியாகும்.

வீட்டில் உள்ள மற்றவர்களின் கைப்பேசிகளும் தொலைக்காட்சியும் இருக்கும் வலையமைப்பில் இந்தக் கணினியை விடாமல், ரவுட்டரில் தனி விஎல்ஏஎன் (பிரித்துவைத்த உள்வலையமைப்பு) அமைத்து அதில் ஒதுக்கினேன். பொதுவெளிக்குத் திறந்த கணினி ஒருநாள் பிறர் கைக்குப் போனாலும் வீட்டின் மற்ற கருவிகளை அது தொட முடியாது. இதே காரணத்தால் தானியங்கிச் சோதனைகளை இயக்கும் ரன்னரை இந்தக் கணினியில் வைக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை நம் வீட்டுக்குள் ஓட அனுமதிப்பது எவ்வளவு சிறிய சேவையாக இருந்தாலும் பொறுப்பான செயல் அன்று.

மின்சாரம்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து பிற்பகல் வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில் சேவை தொடர வேண்டும் என்பதே என் இலக்கு. வீட்டில் ஏற்கெனவே இன்வர்ட்டர் இருக்கிறது. அதன் பின்புறப் பொத்தான் யுபிஎஸ் நிலையில் இல்லாவிட்டால் மின்சாரம் மாறும் கணத்தில் கணினி அணைந்து மறுபடி எழும் என்பதால், அந்த நிலையில் வைத்தே பயன்படுத்த வேண்டும். கணினி, ஃபைபர் பெட்டி, ரவுட்டர் மூன்றும் சேர்ந்து 30 வாட்டைத் தாண்டுவதில்லை. விசிறிகளோடு ஒப்பிட்டால் அது பொருட்டே அன்று.

ஆனால் தெரு முழுவதும் இருளில் இருக்கும்போது நம் வீட்டுக் கருவிகள் மட்டும் இயங்கி என்ன பயன் என்ற ஐயம் எனக்கு இருந்தது. ஃபைபர் பொருத்த வந்த தம்பி அதைத் தீர்த்துவைத்தார். "அக்கா, தெருவுல எங்களுக்கு கரண்ட்டே வேணாம். உங்க வீட்டுப் பெட்டி ரெண்டும் எரிஞ்சா போதும், நெட் வந்துடும்" என்றார். ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பகிரும் ஜிபான் வகை இணைப்பில், கம்பத்தில் தொங்கும் பிரிப்பான் வெறும் ஒளியைப் பிரிக்கும் கண்ணாடிப் பொருள். அதற்கு மின்சாரம் தேவையில்லை. சேவையாளரின் மையத்தில் மாற்று மின்சாரம் இருக்கும்வரை இணைப்பு உயிரோடு இருக்கும். தெருப் பெட்டிக்குள் சுவிட்ச் வைத்து அங்கிருந்து வீடுகளுக்குச் செப்புக் கம்பி இழுக்கும் இணைப்புகளில் இது நடக்காது. அந்தச் சுவிட்சுக்கு மின்சாரம் போனால் எல்லா வீடுகளுக்கும் இணையம் போய்விடும். வீட்டிலிருந்து சேவை நடத்த நினைப்பவர் வேகத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

சாதாரண வீட்டு இன்வர்ட்டர் தன் நிலையைக் கணினிக்குச் சொல்வதில்லை. ஆகவே இன்வர்ட்டர் இணைப்பில் இல்லாத ஒரு சுவர்முனையில் பழைய வைஃபை பெட்டி ஒன்றைச் செருகிவைத்து, அது பதிலளிக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை கணினி சோதிக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன். அது நெடுநேரம் பதிலளிக்காவிட்டால், மின்கலம் வற்றுவதற்குள் தரவுத்தளத்தை மூடிவிட்டுக் கணினி ஒழுங்காக அணைந்துவிடும். புயல் நேரத்தில் சேவை நிற்பது இழப்பில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது வட்டு அணைவதுதான் இழப்பு.

பக்கங்களை விழுங்கும் தானியங்கிகள்

இந்தப் பணியில் என் கவனத்தை மிகுதியாக எடுத்துக்கொண்டது இதுதான். சொற்பட்டியல் களஞ்சியம் பொதுவெளிக்கு வந்து சில காலம் கழித்துக் கணினியின் நான்கு மையங்களும் இரவு பகலாக முழு வேகத்தில் ஓடத் தொடங்கின. படிக்க வந்த மனிதர்களோ மிகச் சிலர். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளுக்காகவும் பிற தேவைகளுக்காகவும் இணையத்தை அள்ளும் தானியங்கிகள் வந்திருந்தன.

மற்றத் தளங்களைவிட மூலநிரல் தளத்தை இவை ஏன் இவ்வளவு வருத்துகின்றன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு களஞ்சியத்தில் 500 கோப்புகளும் 1000 கமிட்களும் (பதிவான மாற்றங்களும்) இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கமிட்டிலும் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் அப்போதைய வடிவம், அதன் வரலாறு, வரிக்கு வரி யார் எழுதினார் என்ற பட்டியல் என்று குறைந்தது மூன்று பக்கங்கள். ஆக ஒரே களஞ்சியத்திலிருந்து 15 லட்சம் பக்கங்கள் வரை பிறக்கின்றன. எந்த இரு கமிட்களையும் ஒப்பிடும் பக்கங்களைச் சேர்த்தால் எண்ணிக்கைக்கு முடிவே இல்லை. இவற்றில் எதுவும் எழுதிவைக்கப்பட்ட பக்கம் அன்று. ஒவ்வொன்றையும் கேட்கும்போது வழங்கி வரலாற்றைப் புரட்டிப் புதிதாகச் செய்து கொடுக்கிறது. வரிக்கு வரிப் பட்டியல் அவற்றில் மிகச் செலவு மிக்கது. அந்தத் தானியங்கி ஒரே ஒரு முறை கிட் முறைப்படி நகலெடுத்திருந்தால் முழு வரலாறும் சில மெகாபைட்டில் கைக்குக் கிடைத்திருக்கும். முழு நெல் மூட்டையையும் தூக்கித் தர நாம் ஆயத்தமாக நிற்கும்போது, ஒவ்வொரு மணியாகக் கேட்டு வாங்கிப்போவது போன்றது இது.

தானியங்கிகள் எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை எழுதிவைப்பது அவசியம், 2022இல் ஆர்.எஃப்.சி. 9309 ஆக முறைப்படுத்தப்பட்ட அந்த வழக்கத்தை மதிக்கும் தேடுபொறிகள் அதனால் விலகிக்கொள்கின்றன. மதிக்காதவையே தொல்லை தருகின்றன. அவை சாதாரண உலாவியின் பெயரைச் சூடிக்கொண்டு, ஒரு முகவரியிலிருந்து ஒன்றிரண்டு கோரிக்கைகள் மட்டும் அனுப்பிவிட்டு அடுத்த முகவரிக்கு மாறுகின்றன. அந்த முகவரிகள் பல நாடுகளின் வீட்டு இணைப்புகளுக்கு உரியவை என்பதால், முகவரியை வைத்துத் தடுக்கும் ஃபெயில்டூபேன் போன்ற கருவிகளால் எதுவும் ஆகவில்லை.

முதலில் செய்ய வேண்டியது, களஞ்சியத்தைச் சுருக்கக் கோப்பாகப் பதிவிறக்கும் வசதியை அணைப்பது. ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு சுருக்கக் கோப்பைத் தானியங்கி கேட்கும்போது ஃபோர்ஜெயோ அதை உருவாக்கி வட்டில் சேமித்துவைக்கிறது. அதனால் வட்டு நிரம்பிச் சேவையே நின்றுவிடும். அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் இதை நிறுத்தலாம். தேவையானவர்களுக்கு வெளியீட்டுப் பக்கத்தில் நானே கட்டிய கோப்பை வைத்துவிடுகிறேன். அடுத்ததாக, வரிக்கு வரிப் பட்டியல், பழைய கமிட்களின் கோப்பு வடிவங்கள், ஒப்பீடு ஆகிய பாதைகளைக் கேடியில் தனியாகப் பிரித்து, புகுபதிகை செய்தவர்களுக்கு மட்டும் திறந்தேன். முதன்மைக் கிளையின் இன்றைய கோப்புகளும், விவாதங்களும், நகலெடுக்கும் வழியும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. இந்த ஒரு மாற்றத்திலேயே கணினியின் சூடு வெகுவாகத் தணிந்தது.

எஞ்சியவற்றுக்கு அனுபிஸ் என்ற கருவியை ஃபோர்ஜெயோவுக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். ஸீ இயாஸோ 2025 ஜனவரியில் வெளியிட்ட இந்தக் கட்டற்ற மென்பொருளை அதே ஆண்டிலேயே லினக்ஸ் திரைச்சூழலை உருவாக்கும் க்னோம் திட்டமும் தன் கிட்லேப் தளத்தில் ஏற்றது. உலாவி என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் அது ஒரு எஸ்ஹெச்ஏ-256 கணக்கைக் கொடுத்து, விடை வந்த பிறகே உள்ளே விடுகிறது. ஒரு மனிதருக்கு இது ஒருமுறை ஏற்படும் சிறு தாமதம். லட்சக்கணக்கான பக்கங்களை ஒவ்வொரு முறையும் புதிய முகவரியிலிருந்து கேட்பவருக்கு அது பெரும் செலவு. கிட் கருவி தன்னை உலாவி என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதால் நகலெடுப்பதும் புஷ் செய்வதும் தடையின்றி நடக்கின்றன. கணக்கின் கடுமையை நான் மிகக் குறைந்த நிலையிலேயே வைத்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்து மாணவர்களில் பலர் விலை குறைந்த கைப்பேசியிலேயே இந்தப் பக்கங்களைப் படிக்கிறார்கள். அவர்களுடைய கைப்பேசி சூடேறிக் காத்திருக்கும்படி ஒரு காவலை வைத்தால் இந்தச் சேவை யாருக்காக நடக்கிறதோ அவர்களையே அது விரட்டிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத உலாவியில் படிப்பவர்களுக்கு இக்காவல் இடையூறாகவே இருக்கிறது என்பதையும் அறிவேன். அவர்களுக்காக நகலெடுக்கும் முகவரியை ஒரு நிலையான பக்கத்தில் தனியே கொடுத்திருக்கிறேன்.

யாருக்குக் கணக்கு கொடுப்பது

பதிவு செய்யும் பக்கத்தைத் திறந்துவிட்டால் விளம்பரக்காரர்கள் கூட்டமாக வந்து, தன்விவரப் பக்கத்தில் தங்கள் தள முகவரிகளை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அதைவிட முக்கியமானது சட்டப் பொறுப்பு. பிறர் எழுதுவதை ஏற்றி வெளியிடும் சேவை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன்படி ஓர் இடைநிலையாளர். 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு வேண்டுமானால் 2021இன் விதிகளைப் பின்பற்ற வேண்டும்: குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட்டு, புகாரை 24 மணி நேரத்தில் பெற்றதாகத் தெரிவித்து, விதிகள் குறிக்கும் காலத்துக்குள் தீர்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்கவும், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. ஒரு தனிமனிதர் வீட்டிலிருந்து ஏற்கக்கூடிய அளவு எது என்று நிதானமாக எண்ணிப் பார்த்து, படிப்பது எல்லோருக்கும், எழுதுவது நான் நேரிலோ ஒரு பொது நண்பர் வழியாகவோ அறிந்தவர்களுக்கு மட்டும் என்று முடிவு செய்தேன். விண்ணப்பத்தை நிர்வாகி ஒப்புக்கொண்ட பிறகே கணக்கு இயங்கும் வசதி ஃபோர்ஜெயோவிலேயே இருக்கிறது. வீட்டு இணைப்பின் ஒப்பந்தத்தில் வெளியாருக்குச் சேவை நடத்துவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் முன்கூட்டியே படித்துவிட வேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்காகச் செய்தவை

களஞ்சியத்தின் பெயரை ஃபோர்ஜெயோ ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றில் மட்டுமே ஏற்கிறது. விளக்கத்தைத் தமிழில் எழுதலாம், கோப்புகளின் பெயர்களும் தமிழில் இருக்கலாம். ஆனால் கிட் தன் இயல்பான அமைப்பில் தமிழ்க் கோப்புப் பெயர்களை எட்டடிமான எண்களாகவே திரையில் காட்டுகிறது. புதிய மாணவர்கள் இதைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டதாக அஞ்சுகிறார்கள். கோர் டாட் குவோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை அணைத்தால் பெயர்கள் தமிழிலேயே தெரியும்; எங்கள் தொடக்கக் குறிப்பில் இதுவே முதல் வரி.

இதைவிட நுட்பமானது ஒகரக் குறி. 'சொல்' என்ற கோப்புப் பெயரில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கிட்டுக்கோ ஒன்று 12 பைட், மற்றது 15 பைட், ஆகவே இரண்டும் வேறு கோப்புகள். வெவ்வேறு விசைப்பலகை மென்பொருள்களைப் பயன்படுத்தும் இருவர் ஒரே களஞ்சியத்தில் பணிசெய்தபோது, ஒரே பெயரில் இரு கோப்புகள் தோன்றி, திருத்தங்கள் ஒன்றில் பாதியும் மற்றதில் பாதியுமாகச் சேர்ந்தன. புஷ் வந்தவுடன் ஓடும் சிறு நிரல் ஒன்றை வழங்கியில் வைத்து, யூனிகோடின் என்எஃப்சி வடிவில் (குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தெழுதும் வடிவில்) இல்லாத கோப்புப் பெயர்களைத் திருப்பி அனுப்பும்படி செய்தேன். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகர எழுத்தையும் தட்டும் பழக்கத்தை இந்தச் சோதனையால் பிடிக்க முடியாது, ஏனெனில் யூனிகோடின் பார்வையில் அது முறையான வேறொரு எழுத்துத் தொடர். சொற்பட்டியலுக்கு மட்டும் அதற்கெனத் தனிச் சோதனை எழுதினேன்.

காப்புப்பிரதியும் மீட்டெடுப்பும்

கிட் களஞ்சியங்களின் கோப்புறையும் எஸ்கியூலைட் தரவுத்தளமும் ஒரே கணத்தின் நிலையில் படியெடுக்கப்பட வேண்டும். தரவுத்தளத்தை இரவு இரண்டு மணிக்கும் களஞ்சியங்களை இரண்டரை மணிக்கும் எடுத்தால், இடையில் வந்த திருத்தக் கோரிக்கை ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போகும். இரண்டையும் பிடிஆர்எஃப்எஸ் கோப்புமுறையில் அமைந்த ஒரே வட்டுப்பகுதியில் வைத்து, அதன் ஒரு கணப் படத்தை எடுத்து, அந்தப் படத்திலிருந்து ரெஸ்டிக் என்ற காப்புப்பிரதிக் கருவி மறையாக்கம் செய்து திருவள்ளூரில் என் மாமா வீட்டில் உள்ள வட்டுக்கு அனுப்புகிறது. கடலோரத்தில் ஏறும் ஒரே வெள்ளம் இரு பிரதிகளையும் தொடாத தொலைவில் ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த இடம். ஃபோர்ஜெயோவின் அமைப்புக் கோப்பையும் இத்துடன் சேர்ப்பது இன்றியமையாதது: அதில் உள்ள மறைத்திறவு இல்லாமல், இரண்டடுக்குப் புகுபதிகை விவரங்கள் போன்றவற்றை மீட்டாலும் அவிழ்க்க இயலாது.

மழைக்காலத்துக்கு முன்பு வேறொரு கணினியில் இந்தப் பிரதியை விரித்து முழுமையாக இயக்கிப் பார்க்கிறேன். ஃபோர்ஜெயோவின் டாக்டர் கட்டளை தரவுத்தளமும் களஞ்சியங்களும் பொருந்துகின்றனவா என்று சோதிக்கிறது. எஸ்எஸ்ஹெச் திறவுப் பட்டியலையும், புஷ் வரும்போது ஓடும் சிறு நிரல்களான ஹூக்குகளையும் மறுபடி உருவாக்க ஒவ்வொரு கட்டளை இருக்கிறது. அதன் பின் ஒவ்வொரு களஞ்சியத்திலும் தரவு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கிட்டின் எஃப்எஸ்சிகே சோதனையை ஓட்டுகிறேன். கடைசியாக, சுரங்கப்பாதையின் திறவுகளை அந்தக் கணினிக்கு மாற்றினால் வாடகை வழங்கி அதையே வீடு என்று ஏற்றுக்கொள்கிறது. வெளியே இருப்பவர்களுக்கு முகவரி மாறுவதில்லை.

இத்தனைக்கும் பிறகு வீடே இருளில் ஆழும் நாள்கள் வரலாம். அதற்காக ஒவ்வொரு பொதுக் களஞ்சியமும், புஷ் வந்தவுடன் கோட்பெர்க்கில் உள்ள தன் நகலுக்குத் தானாகவே அனுப்பப்படும்படி அமைத்திருக்கிறேன். விவாதங்கள் அங்கே செல்வதில்லை என்பதால், வாரம் ஒருமுறை ஒவ்வொரு களஞ்சியத்தின் விவாதங்களையும் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் இடைமுகம்) வழியாக எடுத்து, எளிய உரைக்கோப்புகளாக ஆக்கி, அதே களஞ்சியத்தின் தனிக் கிளையொன்றில் சேர்க்கும் நிரலை இப்போது எழுதிவருகிறேன். சொற்பட்டியலுக்கு அது வேலை செய்கிறது. படங்கள் இணைக்கப்பட்ட எழுத்துரு விவாதங்களுக்கு இன்னும் சில திருத்தங்கள் தேவைப்படுகின்றன.